திரையில் வைத்த திருநீறு

டிவி திரையின் மேல் ஒரு விரல் அகலத்துக்குத் திருநீறு. ராஜபாளையத்தில் மில் அலுவலகக் கணினியை நாளெல்லாம் வெறித்துவிட்டு, பஸ்ஸில் நின்றபடியே ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து செருப்பைக் கழற்றும்போது என் கண்ணில் முதலில் படுவது அதுதான். கைப்பையை வைத்ததும் மெல்லிய துணி எடுத்துத் துடைப்பேன். மறுநாள் அது வேறோர் இடத்தில் இருக்கும். வைத்தவர் என் மாமனார். பக்தியெல்லாம் இல்லை. டிவியில் கோளாறு எங்கே என்று மெக்கானிக்குக் காட்ட, தன் நெற்றியிலிருந்து தொட்டு வைத்த அடையாளம்.

மாமனார் ராணுவத்தில் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுத்தவர். ஓய்வுபெற்று வந்த பிறகும் அவர் கண்ணுக்குத் தெருவில் தனி மரியாதை உண்டு. யார் புது டிவி வாங்கப் போனாலும் அவரையும் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். கடையில் வரிசையாக ஓடும் டிவிகளுக்குப் பத்தடி தள்ளி, காலை அகட்டி நின்று, "இதுல செவப்பு தூக்கலா இருக்கு", "இதுல மூஞ்சியெல்லாம் மெழுகுப் பொம்மை கணக்கா இருக்கு" என்று சொல்லிப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார். ஏழுக்கு மேல் எதற்கும் போட்டதில்லை. அவரைக் கண்டால் கடைக்காரர்கள் டீ சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் நம் வீட்டுக்கும் ஒன்று வேண்டும் என்றார். பழைய டிவி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கேட்டது ஐம்பத்தைந்து அங்குலம், ஃபோர் கே.

"இந்தக் கூடத்துக்கு எதுக்கு மாமா இம்புட்டுப் பெருசு?" என்றேன்.

"பெருசா இருந்தாத்தான் தாயி தெளிவாத் தெரியும்."

என் வீட்டுக்காரர் போலீஸ் வேலையில் வெளியூரில் இருந்தார். "அப்பா ஆசைப்படுதாரு, விடேன்" என்று போனில் சொல்லிவிட்டார். சொல்வது சுலபம். சோபாவை நகர்த்தி, அலமாரியை அடுக்களைக்கு மாற்றி, சுவரில் துளை போட ஆள் பிடித்தது வரைக்கும் எல்லாம் என் தலையில்தான் விழுந்தது.

படத்தைக் குறை சொல்ல முடியாது. கிரிக்கெட் மைதானத்தின் புல் தனித்தனியாகத் தெரிந்தது. செய்தி வாசிக்கிற பெண் பூசிய பவுடர் கழுத்தோடு நின்றுவிட்டதுகூடத் தெரிந்தது. சத்தம்தான் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கும். என்னைக் கேட்டால் எட்டு போட்டிருப்பேன். மாமனார் ஒரு வாரம் பார்த்துவிட்டு நான்கு போட்டார்.

"நடுவுல கருப்பா ஒரு அழுக்கு நிக்குது. பேனல் போச்சு."

எனக்கு எந்த அழுக்கும் தெரியவில்லை. ஆனாலும் அவர் கண்ணைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றவில்லை. கணினி பார்த்துத் தேய்ந்த என் கண்ணைத்தான் நான் சந்தேகப்பட்டேன். அரை நாள் லீவு போட்டு மெக்கானிக்கை வரவழைத்தேன், இரண்டு முறை. கடையில் போய் நான் போட்ட சண்டையில் டிவியையே மாற்றிக் கொடுத்தார்கள். புதியதிலும் அதே அழுக்கு என்றார் மாமனார். திருநீறும் தொடர்ந்தது. ஒருநாள் அலுப்பு தாங்காமல் எரிந்து விழுந்தேன். "ஒங்க கோளாறு டிவி பூரா ஊர்கோலம் போகுது மாமா. ஒரு எடத்துல நிக்கச் சொல்லுங்க."

மூன்றாம் முறை வந்தவர் வயதான ஒரு பாய், நிதானமான மெக்கானிக். திரை முழுவதையும் வெள்ளையாக்கினார்.

"அழுக்கு எங்கன இருக்குய்யா?"

மாமனார் நடுவில் விரல் வைத்தார்.

"இப்ப இந்த மூலையப் பாருங்க."

"இப்ப இங்கன இருக்கு."

பாய் டிவியை அணைத்தார். "செத்த அந்தக் கதவப் பாருங்கய்யா. அங்க இருக்கா?"

மாமனார் கதவையே வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இருக்கு" என்றார். பாய் நான் போட்ட டீயைக் குடிக்காமலே கிளம்பிப் போனார்.

மதுரையில் கண் டாக்டர், விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுவிட்டது என்றார். ஊசி போட்டு மிச்சத்தைக் காக்கலாம், போனது வராது, கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாம் என்றும் சொன்னார். திரும்பும்போது பஸ் ஜன்னலில் எங்கள் ஊர் மலை தெரிய ஆரம்பித்ததும் மாமனார் பேசினார்.

"இந்தச் செம்பகத்தோப்பு மலையப் பாக்கையிலதான் தாயி மொதல்ல அந்த அழுக்கப் பாத்தேன், போன தையில. பழைய டிவிலயும் இருந்துச்சு. பெருசா வாங்குனா தெரியும்னு நெனச்சேன்." மலையிலிருந்து முகத்தைத் திருப்பி, "கோளாறு டிவியிலயே இருக்கட்டும்னு வேண்டிக்கிட்டேன்" என்றார்.

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்தக் கண்ணைக் காப்பாற்றியிருக்கக்கூடிய நாட்களில்தான் நான் கடையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு அவர் டிவி முன்னால் உட்கார்ந்து கேட்க மட்டும் செய்தார். போன வருடம் தவறிப்போனார். நான் இன்னும் அதே பஸ்ஸில்தான் வருகிறேன். திரை சுத்தமாக இருக்கிறது.

இந்த ஆயுத பூஜைக்கு மிக்சி, கிரைண்டர், பிரிட்ஜ் எல்லாவற்றுக்கும் பட்டை போட்டுக்கொண்டே வந்து, டிவித் திரையின் நடுவிலும் மூன்று விரலால் திருநீற்றை இழுத்தேன். பழக்கத்தில் துணியை எடுத்தவள், துடைக்காமல் அவர் இடத்தில் உட்கார்ந்து டிவியைப் போட்டேன். செய்தி வாசிக்கிற பெண்ணின் சேலைக்கரை, வளையல், பின்னாலிருந்த எழுத்து எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. முகம் மட்டும் இல்லை. நான் எரிந்து விழுந்த அன்றைக்கு அவருக்கு என் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.