கரண்ட் போன பிறகும் ஓடிய லூப்

பேய், ஆவி, அசரீரி இதிலெல்லாம் எனக்கு ஒரு நாளும் நம்பிக்கை இருந்ததில்லை. ஊர் ஊராகச் சுற்றிய காலத்தில் படுக்க இடம் கிடைக்காமல் சுடுகாட்டுக் கொட்டகையில்கூடப் படுத்திருக்கிறேன், கொசுவைத் தவிர எதுவும் என்னைத் தொட்டதில்லை. இதைச் சொன்னால் சிரிப்பீர்கள் என்று தெரியும், நானாக இருந்தாலும் சிரிப்பேன். ஆனால் அன்று செத்துப்போயிருக்க வேண்டிய கஸ்தூரி அக்கா இன்றும் நெய்வேலிப் பக்கம் மந்தாரக்குப்பத்தில் இட்லி விற்றுக்கொண்டிருக்கிறார். அதற்கு நான் யாருக்கு நன்றி சொல்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை.

நான் எட்டாவதோடு நின்றவன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தபோது அறையில் கூட இருந்தவன் கம்ப்யூட்டரில் பாட்டு செய்யும் சாப்ட்வேர் வைத்திருந்தான். அவன் தூங்கும்போது அதைத் தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டேன். மெனுவில் இருக்கும் ஆங்கிலம் எனக்கு வார்த்தையாகத் தெரியாது, இருக்கும் இடமாகத் தெரியும். மேலிருந்து நாலாவது என்றால் வெட்டுவது, அதற்குக் கீழே ஒட்டுவது, அப்படி. அங்கிருந்து கேரளாவில் ஹோட்டல், பெங்களூரில் பெயிண்டிங், அப்புறம் நெய்வேலியில் மைன்ஸ் கான்ட்ராக்டில் நிலக்கரி கொண்டுபோகும் பெல்ட்டுக்கு அடியில் மண் வாரும் வேலை. அந்த வேலை போனபோது என்னிடம் இருந்தது ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு சின்ன கீபோர்டு, ஒரு மைக், ஒரு ஹெட்போன்.

கஸ்தூரி அக்கா வீட்டின் முன்பக்கம் இட்லிக் கடை. ஷிப்டு போகிறவர்கள் வந்து நின்றுகொண்டே சாப்பிட்டுப் போவார்கள், நானும் அப்படிச் சாப்பிட்டவன்தான். வேலை இல்லை என்று தெரிந்ததும், "பின்னால ஷீட்டு போட்ட ரூம்பு சும்மாதான கெடக்கு, வந்து கெட. அட்வான்சு அது இதுன்னு ஆரம்பிக்காத, ஒன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது" என்றார். அக்காவின் வீட்டுக்காரர் முருகவேல் அண்ணன் மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, கீபோர்டு என்றுதான் கூப்பிடுவார். தெருவும் அப்படியே கூப்பிட்டது.

அந்த அறையை ஸ்டூடியோ ஆக்கினேன். சுவரில் முட்டை அட்டை, அதன்மேல் பழைய கம்பளி, கதவிடுக்கில் அக்காவின் கிழிந்த புடவை. வெளிச் சத்தம் உள்ளே வராது. சத்தம் மட்டுமல்ல, காற்றும் வராது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எனக்கு ஏன் வாசனை வரவில்லை என்று கேட்பீர்கள்.

அந்த வருடங்களில் கரண்ட் கட் எப்படி இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். மைன்ஸ்காரர்கள் இருக்கும் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் விளக்கு அணையாது. இந்தப் பக்கம் மாடியில் நின்று பார்த்தால் கரண்ட் எடுக்கிற தெர்மலின் புகைபோக்கி தெரியும், நம் வீட்டில் மின்விசிறி நின்றுபோயிருக்கும். யூபிஎஸ் என்று ஒன்று வைத்திருந்தேன், அதில் பேட்டரி செத்துப்போய்க் கீச் கீச் என்று கத்த மட்டும்தான் செய்யும்.

வடக்குத்து கிராமத்துப் பக்கம் ஒரு கோயிலில் தீமிதித் திருவிழா. அந்த ஊர்ப் பையன்கள் அம்மன் பாட்டு ஒன்று செய்து தரச் சொல்லியிருந்தார்கள். அக்காவும் அந்தக் கோயிலுக்குத்தான் காப்புக் கட்டி, ஒரு வேளைச் சாப்பாட்டோடு விரதத்தில் இருந்தார். சர்க்கரை உள்ளவர், மாத்திரை போடுகிறவர். முருகவேல் அண்ணன் வேண்டாம் என்று சண்டை போட்டுப் பார்த்தார். "அம்மாவுக்குத் தெரியாதா எனக்கு சுகர் இருக்குன்னு" என்று அக்கா சொல்லிவிட்டார்.

பாட்டில் ஒரு பெண் குரல் ம்ம்ம் என்று முனக வேண்டிய இடம் ஒன்று இருந்தது. வருவதாகச் சொன்ன பெண் வரவில்லை. நான் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு போனில் கத்திக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு அக்கா டீயோடு உள்ளே வந்தார்.

"என்னாடா வேணும் ஒனக்கு?"

"ஒரு ஹம்மிங்கு வேணும்க்கா. சும்மா ம்ம்ம்னு ராகமா."

"ம்ம்ம்னு சொல்றதுக்கு பஸ்சு ஏறி ஒரு பொண்ணு வரணுமா? தள்ளு."

மைக் முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு முனகினார். கழனியில் நாற்று நடும்போது பாடியவரின் குரல், கொஞ்சம் கரகரப்பு, ஆனால் சுருதி நழுவவில்லை. முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்து, "போதுமா தம்பி?" என்றார். அதுவும் பதிவாகிவிட்டது. நான் முன்னும் பின்னும் வெட்டி, 'போதுமா தம்பி'யை எடுத்துவிட்டு, நாலு தாளத்துக்குச் சரியாக வருகிற மாதிரி முனகலை மட்டும் லூப் ஆக்கினேன். லூப் என்றால் ஒரே துண்டு திரும்பத் திரும்பச் சுற்றும். எத்தனை முறை சுற்றினாலும் வேகம் கூடாது, குறையாது. கம்ப்யூட்டருக்குக் களைப்பு கிடையாது.

மறுநாள் மதியம். அக்கா கடையை மூடி ஷட்டரை இறக்கிவிட்டார். அண்ணன் முதல் ஷிப்டு போயிருந்தார். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அக்காவின் லூப்பை ஓடவிட்டு, அதன்மேல் நாதஸ்வரச் சத்தத்தில் ஒரு சின்ன இடையிசை வாசித்துப் பதிவு செய்துகொண்டிருந்தேன். கீபோர்டில் வாசிப்பது மிடியாகப் பதிவாகும். அதில் சத்தம் இருக்காது, எந்தக் கட்டையை எப்போது அழுத்தினோம், எவ்வளவு அழுத்தினோம் என்கிற குறிப்பு மட்டும்தான். அதை வைத்துக் கம்ப்யூட்டர் எழுப்பும் சத்தமும் வெளியே யாருக்கும் கேட்காது, என் காதுக்குள் மட்டும்தான். மெட்டு நன்றாக வந்துகொண்டிருந்தது. பாதி வந்ததும் மேலே போவதா இறங்குவதா என்று கை தயங்கியது, அந்த நேரம் பார்த்து கரண்ட் போய்விட்டது. எங்கள் தெருவுக்கு அது கட் ஆகிற நேரமும் இல்லை.

திரை கறுப்பு. மின்விசிறி நின்றது. சேவ் செய்யவில்லை, வாசித்தது போயிற்று. மற்ற நாளாக இருந்தால் அந்த வேக்காட்டில் உடனே எழுந்து டவுன்ஷிப் பக்கம் டீக்கடைக்குப் போயிருப்பேன். போகவில்லை, ஏனென்றால் ஹெட்போனில் லூப் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

நம்புங்கள், நம்பாமல் போங்கள். அக்காவின் முனகல் அதே மாதிரி வந்துகொண்டிருந்தது. முதலில் எனக்கு உறைக்கவே இல்லை, அப்புறம்தான் திரையைப் பார்த்தேன். ஹெட்போனைக் கழற்றினேன், நிசப்தம். மாட்டினேன், அக்கா. செல்போனில் ஓடியிருக்கும் என்பீர்கள், என் செல்போன் பட்டன் போன், சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. ரேடியோ அலை என்று படித்தவர் ஒருவர் சொன்னார். என் லூப்பை எந்த ரேடியோக்காரன் போடுவான்?

இரண்டு மூன்று சுற்று கேட்டதும் இன்னொன்று தெரிந்தது. லூப்பின் வேகம் குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிட இழுத்தது, மாடிப்படி ஏறுகிற ஆள் ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்குகிற மாதிரி. பிறகு முனகல் முடிந்த இடத்தில், நான் வெட்டி எடுத்த அந்தச் சொல் வந்தது. போதுமா தம்பி. வெட்டினாலும் அது ஃபைலில் எங்காவது ஒளிந்திருக்கும், அது எனக்கும் தெரியும். கரண்டே இல்லாதபோது ஃபைல் ஏது? தவிர, மைக்கில் அக்கா அதைச் சிரித்துக்கொண்டு சொன்னார். இதில் சிரிப்பு இல்லை. களைத்துப்போன ஆள், இனி முடியாது என்று கேட்கிற மாதிரி இருந்தது.

ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டுக் கதவைத் திறந்தேன். கேஸ் வாசனை.

அடுப்படியின் பின்கதவு உள்ளே கொண்டி போட்டிருந்தது. ஜன்னலும் சாத்தியிருந்தது. கதவுக்குக் கீழே இருந்த சந்தில் குனிந்து பார்த்தேன். மெட்டி போட்ட கால் மட்டும் தெரிந்தது, அசையவில்லை. கதவை உதைக்கத்தான் போனேன். அப்போதுதான் அடுப்படியில் புகை உறிஞ்சும் மின்விசிறியின் சுவிட்சு நினைவுக்கு வந்தது. அக்கா அதை அணைப்பதே இல்லை, கரண்ட் போய் வரும்போதெல்லாம் அதில் பொறி தட்டும். இப்போது கரண்ட் வந்தால் அந்தப் பொறியும் வரும். எப்போது வருமோ தெரியாது.

முன்பக்கம் ஓடி மீட்டர் பெட்டியைத் திறந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினேன். எதிரில் சைக்கிள் கடை பாய் வாசலில் உட்கார்ந்திருந்தார், வாயில் பீடி.

"பாய், பீடியத் தூக்கிப் போட்டுட்டு ஓடியாங்க."

"யோவ் கீபோர்டு, என் பீடி ஒன்ன என்னாய்யா பண்ணிச்சி?"

"அக்கா உள்ள உழுந்து கெடக்குது, கேஸு."

பாய் பீடியைச் சாக்கடையில் எறிந்துவிட்டு ஓடிவந்தார். இரண்டு பேரும் உதைத்ததில் கொண்டி பெயர்ந்தது. பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது, கேஸ் மட்டும் போய்க்கொண்டிருந்தது. நான் ரெகுலேட்டரை மூடினேன், பாய் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தார். தூக்கிக்கொண்டு தெருவில் வந்து கிடத்தினோம். கிடத்தி நிமிர்வதற்குள் கரண்ட் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு டிவி பேசியது, மாவு மில் உறுமியது, தெருவே உயிர் பெற்றது. அக்கா வீடு மட்டும் இருட்டாக நின்றது. என் கையில் ஃபியூஸ் கட்டை இன்னும் இருந்தது.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்ததில் சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்திருக்கிறார், அதற்குப் பிறகுதான் பால் பொங்கியிருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். முருகவேல் அண்ணன் ஷிப்டு உடுப்போடு, உடம்பெல்லாம் நிலக்கரித் தூசியோடு வந்து நின்றார்.

"எப்பிட்றா தெரிஞ்சிச்சி ஒனக்கு?"

"வாசனை வந்துச்சிண்ணே."

வேறு என்ன சொல்ல முடியும்? அவர் என் தோளில் கையை வைத்து அழுத்தினார். பிறகு, "விரதத்துல இருந்துகினு பால எதுக்கு வெச்சா இவ?" என்றார். எனக்குத் தெரியும். எனக்கு டீ போடத்தான்.

சாயங்காலம் அண்ணன் இளநீர் வாங்கப் போனார். நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அக்கா கண்ணைத் திறக்காமலே முனக ஆரம்பித்தார். மைக்கில் பாடிய முனகல் இல்லை. மதியம் நான் வாசித்த மெட்டு. என் ஹெட்போனுக்கு வெளியே போகாத மெட்டு, பதிவில் நிற்காமல் போன மெட்டு, எனக்கே மறந்துபோயிருந்த மெட்டு. அக்கா முனக முனக, ஆமாம் இதுதான், இதுதான் என்று எனக்கு நினைவு வந்தது. நான் தயங்கிய இடம் வந்தது. அக்கா தயங்கவில்லை. கீழே இறங்கி, ஒரு வளைவு வளைந்து, முடிக்க வேண்டிய இடத்தில் கொண்டுபோய் முடித்தார்.

"என்னா பாட்டுக்கா அது?" என்றேன்.

"நீ வாசிச்சிகினு இருந்தியே. அதப் புடிச்சிகினுதான் கெடந்தேன். நிறுத்தப் போறானே, நிறுத்தாதடான்னு சொல்லணும்னு பாத்தேன், வாயி வரல."

கட்டில் விளிம்பில் விரலை வைத்து அந்த மெட்டை முழுக்க அழுத்திப் பார்த்துக்கொண்டேன், மறக்காமல் இருக்க. வீட்டுக்கு வந்ததும் ஃபியூஸ் கட்டையை மாட்டிவிட்டு, அப்படியே வாசித்துப் பதிவு செய்தேன். தீமிதியன்று அது கோயில் ஸ்பீக்கரில் ஓடியது. அக்காவை மிதிக்க விடவில்லை, அண்ணன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார். "அந்த நாயனம் வர்ற எடம் நல்லாருக்குய்யா கீபோர்டு" என்று பாய் சொன்னார்.

அதற்குப் பிறகு நான் நெய்வேலியில் அதிக நாள் இல்லை. கால் ஓரிடத்தில் நிற்காத ஜென்மம் எனக்கு. ஆனால் எங்கே இருந்தாலும் அக்காவுக்குப் போன் செய்வேன், சாப்பிட்டாயா என்றுதான் முதலில் கேட்பார், போனை எடுக்க இனி அக்கா இல்லை என்கிற நாள் எனக்கு வரவில்லை, அதற்கே நான் எவ்வளவோ கொடுத்துவைத்தவன். ஒருமுறை துணிந்து, அந்த மெட்டின் கடைசிப் பாதியை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டேன்.

"எங்கடா புடிக்கிறது? நீ வாசிச்சதுதான். பாதியில கரண்டு போனா மாதிரி வீடெல்லாம் இருட்டிப் போச்சி, நீ மட்டும் நிறுத்தாம முழுசா வாசிச்ச. அது முடியற வரைக்கும் நான் கேட்டுகினுதான இருந்தேன்."

நான் பாதியில் நிறுத்திவிட்டேன் என்பதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.