உள்ளதான் இருக்காங்க

என் அப்பா பொய் சொல்லமாட்டார். பாலக்கரையில் எங்கள் மாதா கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் இது எல்லோருக்கும் தெரியும். சொந்தக்காரர்களுக்கு இது கொஞ்சம் தொந்தரவாகவும் இருந்தது. அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?" என்று பேச்சுக்குக் கேட்டபோது, "மழை நாள்ல கொஞ்சம் இளைப்பு வரும்" என்று அப்பா சொல்லிவிட்டார். அவர்கள் காபியை முழுதாகக் குடிக்காமலே எழுந்து போனார்கள். அத்தை வெகுநாள் அப்பாவோடு பேசவில்லை.

அப்பா ரயில்வே ஆபீஸில் கிளார்க். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் தாழ்வாரத்தில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பார். பத்துக் கட்டளைகளுக்கு வந்ததும் அவர் குரல் மாறும். "ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறினா அதுக்குப் பேரு கட்டளை இல்ல, யோசனை" என்பார். நானும் பாவாடையை இழுத்து மூடிக்கொண்டு அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பேன்.

எங்கள் கொல்லைக்கு அடுத்த கொல்லை ஒரு துணிக்கடைக்காரருடையது. காந்தி மார்க்கெட் பக்கம் கடை. திருநாள் ஊர்வலமான சுற்றுப்பிரகாரத்தில் குடை பிடிப்பவர்களில் அவரும் ஒருவர். தெருவில் மெதுவாகத்தான் பேசுவார். வீட்டுக்குள் எப்படிப் பேசுவார் என்பது சுவர் வழியாக எங்களுக்குத் தெரியும். அவர் மனைவியை நாங்கள் பின்வீட்டு அக்கா என்போம்.

அந்த வருடம் பெரிய வெள்ளிக்கிழமையன்று வீட்டில் எல்லோருக்கும் ஒருசந்தி நோன்பு. கஞ்சி குடித்துவிட்டு, கோயிலுக்குப் போக நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு பின்வீட்டு அக்கா உள்ளே வந்தார். உதடு கிழிந்திருந்தது. ஒரு கண்ணைத் திறக்க முடியவில்லை. அம்மா அவர் கையைப் பிடித்து அரிசி மூட்டை வைத்திருந்த அறைக்குள் கொண்டுபோய் உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

கொஞ்ச நேரத்தில் துணிக்கடைக்காரர் முன்வாசலில் நின்றார். கையில் துணி அளக்கும் இரும்புக்கோல்.

"இங்க வந்தாளா?"

"இல்லீங்களே அண்ணே" என்றார் அம்மா. என்னிடம் உப்பு எடுத்து வா என்று சொல்லும் அதே குரலில் சொன்னார். வந்தவர் நம்பிவிட்டார். திரும்பி ஓரடி வைக்கவும் செய்தார்.

அப்போது அப்பா ஜெபப் புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். "உள்ளதான் இருக்காங்க. ஆனா அனுப்ப மாட்டேன்" என்றார்.

அம்மாவின் முகத்தை நான் பார்த்தேன். அடி அவர்மேல் விழுந்ததுபோல் இருந்தது.

"என் பொண்டாட்டியை உள்ள வச்சுக்கிட்டு அனுப்ப மாட்டேங்க நீ யாருய்யா?"

அப்பா நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். அப்பா ஒல்லியான மனிதர். அந்த நிலை அவரை விடப் பலமாகத் தெரிந்தது. முதல் அடி அவர் வலது கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அந்தக் கை தொங்கிவிட்டது. அப்பா கொஞ்சம் நகர்ந்து, கை விட்ட இடத்தைத் தோளால் அடைத்துக்கொண்டார். அதற்குள் கோயிலுக்குப் புறப்பட்டவர்கள் தெருவில் நின்றுவிட்டார்கள். அத்தனை பேர் பார்ப்பதைக் கடைக்காரர் கவனித்தார். கோலை இறக்கி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு நடந்து போனார்.

கட்டுப் போட்டுக்கொண்டு வந்த அப்பாவுக்கு அன்றிரவு அம்மாதான் பிசைந்து ஊட்டினார். ஒவ்வொரு கவளத்தோடும் ஒரு கேள்வி போயிற்று.

"திரும்பிப் போய்க்கிட்டிருந்த ஆளைக் கூப்பிட்டுச் சொல்லணுமா?"

"நீ சொன்னது பொய்."

"அடுத்தவனுக்கு விரோதமாப் பொய்ச் சாட்சி சொல்லாதேன்னுதான் இருக்கு. நான் யாருக்கு விரோதமாச் சொன்னேன்?"

அப்பா மென்று விழுங்கிவிட்டு, "பொய் பொய்தான்" என்றார். அம்மா அடுத்த கவளத்தைச் சற்றுப் பெரிதாகவே உருட்டினார்.

பின்வீட்டு அக்காவை எங்கே வைப்பது என்று யோசித்தார்கள். பாலக்கரையில் எந்த வீட்டில் வைத்தாலும் தெரிந்துவிடும். அப்பாவின் ஆபீஸ் நண்பர் ஒருவர் ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியில் இருந்தார். நெற்றியில் திருமண் இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. செய்தி போனதும் மறுநாள் காலையில் மனைவியையும் அழைத்துக்கொண்டு குதிரை வண்டியில் வந்துவிட்டார். கையோடு மாமியின் புடவை ஒன்று வந்தது. மாமி அதைப் பின்வீட்டு அக்காவுக்கு மடிசாராகக் கட்டிவிட்டார்.

அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். "இது பொய்யில்லியா?" என்றார்.

"புடவை எங்கே ஓய் பேசித்து?" என்றார் நண்பர். "ஒரு ஜீவனுக்குத் தீங்கு வராம இருந்தா அதுதான் சத்யம். உம்ம மாதிரி வார்த்தையைப் பிடிச்சுண்டு தொங்கினா கைதான் ஒடியும்."

வண்டி புறப்படும்போது அப்பா இடது கையால் திரையை இழுத்துவிட்டார்.

மாமி ஆசாரம் மிகுந்தவர். பின்வீட்டு அக்காவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், கொல்லைப்பக்கத்து அறை. ஆனால் அக்காவின் அண்ணன் தஞ்சாவூரிலிருந்து வந்து அழைத்துப்போகும்வரை, கண்ணுக்கு மருந்து விட்டது மாமிதான். விட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் குளித்தாராம். அக்கா பிறகு தையல் கற்றுக்கொண்டு ஒரு கான்வென்ட்டில் வேலைக்குச் சேர்ந்தார். புருஷனிடம் திரும்பவில்லை.

அம்மா கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போய்வந்து, தானாகவே வீட்டில் சொன்னார்: "பாவம்னு ஒத்துக்கிட்டேன். இனிமே செய்யமாட்டேன்னு மட்டும் சாமிகிட்ட சொல்ல முடியலை." அப்பா அதற்குச் சிரித்ததாக ஞாபகம்.

கை கூடிய பிறகும் அந்தச் சண்டை தீரவில்லை. ஸ்ரீரங்கத்து நண்பர் வரும்போதெல்லாம் மூன்று பேரும் மறுபடி தொடங்குவார்கள். எது பொய், எது மெய், யார் செய்தது சரி. நான் ஓரமாக உட்கார்ந்து, பெரியவர்களுக்கே நல்லது எது கெட்டது எது என்று நிச்சயமாகத் தெரியவில்லை போலிருக்கிறது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று, ஒரே வீட்டுக்குள்ளேயே இரண்டு என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிறு வகுப்பில் அப்பா கட்டளைகளைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

அவ்வளவு பேச்சிலும், அந்த அக்காவை அவரோடு அனுப்பியிருக்கலாமே என்று அந்த மூவரில் ஒருவரும் ஒருநாளும் சொல்லவில்லை. அது பேசவேண்டிய விஷயமாகவே அவர்களுக்குத் தோன்றவில்லை. பேசியதை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அது அப்போது விளங்கவில்லை.