குகைக்குள் நீட்டிய தட்டு

வெள்ளை உடுத்திக்கொண்டு வரச் சொன்னார்கள். அங்கேயே எனக்குச் சந்தேகம் தொடங்கிவிட்டது. புருஷன் குத்துக்கல் மாதிரி இருக்க நான் ஏன் வெள்ளை உடுக்க வேண்டும்? அலுமாரியைக் கிளறிக் கடும் பச்சைச் சேலை ஒன்றை எடுத்து உடுத்தினேன். வெளுத்ததெல்லாம் பாலென்று நம்புகிற ஆள் நானில்லை.

சொல்லியனுப்பியது மகள் விரும்பும் பெடியனுடைய தாய். அவர்கள் சிங்கள பௌத்தர்கள், கும்பிடப் போகும்போது வெள்ளைதான் உடுப்பார்களாம். நாங்கள் மன்னார்க் கத்தோலிக்கர். இரண்டு வருடமாக இந்தக் கதை வீட்டில் ஓடுகிறது. நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இந்தமுறை மகள் ஒரு சத்தமும் போடாமல் சொன்னாள்: "நீங்கள் வராட்டி, இனி நான் உங்களை ஒண்டுக்கும் கேக்கமாட்டன் அம்மா."

கத்தியிருந்தால் பயந்திருக்கமாட்டேன். ஒரே பிள்ளை. அவளும் என்னைக் கேட்காமல் விட்டால் இந்த ஒக்லாந்தில் எனக்கு என்ன இருக்கிறது? வெளிக்கிட்டேன். மனுசன் விரிப் பக்கத் தொழிற்சாலையில் சனிக்கிழமை ஷிப்ட் என்று சொல்லித் தப்பிவிட்டார்.

எங்கள் வீடிருக்கும் ஹில்ஸ்பரோவிலிருந்து வடக்கே இரண்டு மணித்தியாலம். பெடியன்தான் காரோட்டினான். தாய் முன்சீட்டை எனக்கு விட்டுவிட்டு மகளோடு பின்னால் ஏறிக்கொண்டார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. அளவுக்கு மிஞ்சி மரியாதை தந்தால் ஏதோ அலுவல் இருக்கிறது என்று அர்த்தம்.

போய் இறங்கியது ஒரு வெள்ளைக்காரரின் மாட்டுப் பண்ணையில். அதற்குள் ஒரு சுண்ணாம்புக்கல் குகை. பண்ணைக்காரர் மனம் விரும்பி இடம் கொடுத்தாராம். உள்ளே புத்தர் சிலை வைத்திருக்கிறார்களாம், மாதமொருமுறை பிக்கு வந்து பிரித் என்கிற மந்திரம் ஓதுவாராம், இப்போது அது புனித இடமாம். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டேன். ஊரில் கண்ணால் கண்டு எனக்குத் தெரிந்த ஒழுங்கு ஒன்று உண்டு. முதலில் மரத்தடியில் ஒரு சிலை வரும், பிறகு கொடி, பிறகு வேலி. அதற்குப் பிறகு அது எங்கள் காணி இல்லை. கொடி இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. வேலியும் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் மாடுகள் நின்று என்னைப் பார்த்தன. மாட்டுக்குப் போட்ட வேலிதான், ஆனாலும் மனம் ஆறவில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை அண்டாது.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். கால் விறைத்தது. சுவரெல்லாம் உருகின மெழுகு போல் சுண்ணாம்பு வழிந்து உறைந்திருந்தது. மேலேயிருந்து ஒவ்வொரு துளியாகச் சிலையின் தோளில் விழுந்துகொண்டிருந்தது. அழகான இடம். அதை ஒத்துக்கொள்ள எரிச்சலாக இருந்தது.

பிக்கு ஓதத் தொடங்கினார். தாய் ஒரு தட்டு நிறையப் பூ வைத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்து, இரண்டு கையாலும் நீட்டினார். பக்கத்தில் மகள், பின்னால் பெடியன். இரண்டு வீட்டாரும் நிற்கிறோம், நடுவில் தட்டு, சாட்சிக்கு ஒரு பிக்கு. எங்களில் தட்டு மாற்றினால் சம்பந்தம் முடிந்தது, பிறகு பின்வாங்க ஏலாது. ஓகோ, இதற்குத்தானா இவ்வளவு தூரம்? கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். சம்பந்தம் பேசுவதென்றால் வீட்டுக்கு வந்து முறையாகக் கேட்க வேண்டும், குகைக்குள் கூட்டிவந்து தட்டை நீட்டக்கூடாது என்று எல்லோருக்கும் விளங்க ஆங்கிலத்திலேயே சொன்னேன். குகை அதை இன்னொருமுறை சொன்னது. பிக்கு ஓதுவதை நிறுத்திவிட்டார்.

மகள் தலை குனிந்துகொண்டாள். "இது கலியாணத் தட்டில்லை அம்மா. புத்தருக்கு வைக்கிற பூ. எல்லாரும் தொட்டுத்தான் வைக்கிறது. இண்டைக்கு மாமாவின்ர பேரில."

மாமா என்றால் என் தம்பி. இவளைச் சைக்கிளில் முன்னால் இருத்திப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனவன். கடைசிப் போரில் காணாமல் போனான். அவன் செத்துப்போனான் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை. அவனுடைய ஆத்துமத்துக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுக்கவும் விட்டதில்லை. கொடுத்தால் நானே அவனைக் கொன்ற மாதிரி. வீட்டில் அவன் பேரைச் சொல்லி யாரும் அழக்கூடாது என்பது நான் போட்ட சட்டம்.

எனக்குக் கண்மண் தெரியாத கோபம் வந்தது. யாரைக் கேட்டு அவனைச் செத்தவர்களோடு சேர்த்தாய், அதுவும் இவர்களிடம் வந்து, என்று கேட்டேன்.

"வீட்டில அழ நீங்கள் விடேல்லை அம்மா," என்றாள். "இவை அழ விட்டினம்."

பெடியனின் தாய் தட்டைத் தாழ்த்தாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். தம்பி செத்தான் என்று அன்றைக்கும் நான் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லமாட்டேன். தட்டின் விளிம்பில் ஒரு விரலை வைத்தேன்.

"நீ அழு பிள்ளை," என்றேன். "நான் ஒண்டும் சொல்லமாட்டன்."