துணைக்கு ஆள்

போன வாரம் ஹெர்னியா ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். வார்டில் நர்ஸ் கேட்ட முதல் கேள்வி, "கூட யாரு இருக்காங்க?" பினாயில் நெடியில் அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் என்னையறியாமல் திரும்பிப் பார்த்தேன், அப்பா நிற்பார் என்று. நைனா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அவர் போய் ஒன்பது வருஷமாகிறது. தலை நரைத்த அளவுக்கு எனக்குப் புத்தி வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நைனா பாகூரில் ஏரித் தண்ணீரில் நெல் வைத்தவர். முட்டி தேய்ந்து நிலத்தைக் குத்தகைக்கு விட்ட பிறகு, தெருவில் யார் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் துணைக்குப் போவது அவர்தான். ஆரஞ்சு வயர் கூடையில் பிளாஸ்க், டம்ளர், போர்வை, தரையில் விரிக்கப் பழைய பேப்பர். வெந்நீர் எந்த மாடியில் கிடைக்கும், ரத்தச் சீட்டுக்கு எந்த ஜன்னல் முதலில் திறக்கும், எல்லாம் அத்துப்படி. என் மனைவியின் இரண்டு பிரசவத்துக்கும் வராந்தாவிலேயே கிடந்தார். வில்லியனூர் பக்கம் கம்பெனியில் நான் ஒரு ஷிப்டுகூட விடவில்லை. அந்தச் சம்பளத்தில் பாதி அவருடையது என்று அப்போது உறைக்கவில்லை.

கடைசியாக என் மச்சானுக்குக் கால் முறிந்தது. "சும்மாதான இருக்கற நைனா, நாலு நாளு போயி இரேன்" என்றேன்.

"நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குதுடா."

"வாயுவா இருக்கும்."

போனார். கால் வீங்கித் திரும்பினார். அடுத்த வாரம் அதே ஆஸ்பத்திரியில் அவரையே சேர்த்தேன். படிவத்தில் தொழில் என்ற இடத்தில் 'ஒன்றுமில்லை' என்று எழுதியது என் கைதான்.

துணைக்குத் தெருவில் கேட்டால் எல்லாருக்கும் டூட்டி. எனக்கும்தான். கூலிக்கு ஓர் ஆளை வைத்தேன்.

"அந்த ஆளுக்கு இன்னாடா குடுக்கற?" என்றார் நைனா.

"நாளைக்கு எண்ணூறு."

"எண்ணூறா! சும்மா குந்தினு இருக்கறதுக்கா?" சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்துவிட்டது. அப்புறம் மெதுவாக, "இன்னிக்கு ஒரு நாளு நீ இருடா."

"ஷிப்டு இருக்கு நைனா. நாளைக்கு வரேன்."

மறுநாள் காலை அந்த ஆள் டீ குடிக்கப் போன நேரத்தில் நைனா போய்விட்டார். அந்த ஆளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நைனா துணையிருந்த யாரும் தனியாகச் செத்ததில்லை.

இப்போது எங்கள் தெருவில் அப்படிப் போகிற ஆள் ஒருவரும் இல்லை. மனைவி பெங்களூரில் பேரனைப் பார்த்துக்கொள்கிறாள். சம்பளமில்லாத வேலைக்கு லீவு ஏது?

நர்ஸ் மறுபடி கேட்டாள். "ஒரு ஆள் வருவாரும்மா" என்றேன்.

"சொந்தமா?"

"இல்ல, கூலிக்கு."

கையோடு கொண்டுபோயிருந்த நைனாவின் வயர் கூடையை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து, நானே கட்டிலுக்கடியில் தள்ளினேன்.