கோணக்கொம்பிக்கு வைத்த தீவனம்

அந்த டாக்டரம்மாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். இருக்காதா பின்னே? காட்டெருமைகளுக்கு வைத்தியம் பார்க்கத்தான் அவளுக்குச் சம்பளம். ஆனால் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து பாதிப் பொழுது மனிதர்களிடம் கெஞ்சியே போனது. காட்டெருமையைக் கொட்டகையில் கட்டி ஊசி போட முடியுமா? மயக்கிப் படுக்கவைத்தால் அந்தக் கனத்த உடம்பு வயிறு உப்பி மூச்சுத் திணறிப் போய்விடும். கூட்டம் முழுவதையும் அப்படிப் படுக்கவைக்க எந்த டாக்டராலும் ஆகாது. அதனால் இருக்கும் வழி ஒன்றுதான். காட்டோரத்தில் வளர்க்கும் வீட்டு மாடுகளுக்கெல்லாம் வாயிலும் குளம்பிலும் புண் வைக்கும் கோமாரி நோய்க்குத் தடுப்பூசி போட்டுவிட வேண்டும். அங்கே நோய் வராவிட்டால் காட்டுக்குள்ளும் போகாது. இந்தச் சின்ன விஷயத்தைப் புரியவைக்க அவள் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியிருக்கிறாள்.

காட்டோரத் தெரு முழுவதும் வீடு வீடாக ஏறி இறங்கி ஊசி போட்டு முடித்தாள். ஒரே ஒரு கொட்டகைதான் பாக்கி. யாருடையது? அவளுடைய சொந்த அண்ணனுடையது. வயிற்றெரிச்சலை எங்கே போய்ச் சொல்வது!

அண்ணன் பால்காரன். அப்பா படுத்த படுக்கையானபோது பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மாட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தவன். அவன் கறந்த பாலில்தான் இவள் படித்து டாக்டர் ஆனாள். அதனால் மற்றவர்களை மிரட்டுவதுபோல் அவனை மிரட்ட அவளுக்கு வாய் வராது. அது அவனுக்கும் நன்றாகத் தெரியும்.

"ஊசி போட்டா நாலு நாள் பால் குறையும் பாப்பா. டீக்கடைக்காரன் வேற ஆளைப் பார்த்துக்குவான்" என்பான்.

"குறைஞ்சது திரும்ப ஏறிடும்ணா."

"ஏறும், ஏறும். உனக்கென்ன, மாசம் பொறந்தா சம்பளம். அடுத்த வாரம் வா, பார்க்கலாம்."

"கிழிஞ்ச சட்டையைத் தைக்கக் குடுக்கவே அவருக்கு அடுத்த வாரம் வரல, மாட்டுக்கா வரப்போகுது?" என்று அண்ணி உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். டாக்டரம்மா ஊசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பல்லைக் கடித்தபடி திரும்புவாள். எத்தனை அடுத்த வாரங்கள் இப்படிப் போயின!

அவளுக்கு ஆறுதல் என்று இருந்தது அந்தக் காட்டெருமைக் கூட்டம் மட்டும்தான். ஒரு கொம்பு வளைந்த கிழட்டுப் பசுதான் அதற்குத் தலைவி. கோணக்கொம்பி என்று வனக் காவலர் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. காளைகள் இணை சேரும் பருவத்தில் வந்து அதிகாரம் பண்ணிவிட்டு, அது முடிந்ததும் தனியாகப் போய்விடும். எங்கே தண்ணீர், எப்போது மேய்ச்சல், எப்போது ஓட்டம் என்பதெல்லாம் கோணக்கொம்பி முடிவு. அது மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்தால் போதும், மற்றவை எதிர்க்கேள்வி கேட்காமல் பின்னால் போகும். 'நம்ம வீட்டுல ஒருத்தராவது இப்படிக் கேக்கறாங்களா' என்று டாக்டரம்மா பெருமூச்சு விடுவாள். அந்தப் பருவத்தில் கூட்டத்தில் செங்கல் நிறத்தில் கன்றுகள் துள்ளிக்கொண்டிருந்தன. காட்டெருமை வருடத்துக்கு ஒரு கன்றுதான் போடும், அதுவும் எல்லா வருடமும் போடாது. அந்தக் கன்றுகள் பிழைத்தால்தான் கூட்டம் பிழைக்கும்.

ஒருநாள் காலையில் காவலர் போன் செய்தார்.

"டாக்டரம்மா, கோணக்கொம்பி நொண்டுது. வாயில எச்சில் கயிறு மாதிரி தொங்குது. உங்க அண்ணன் வீட்டு வேலிப் பக்கம்தான் நிக்குது."

அவள் போட்டது போட்டபடி ஓடினாள். போய்ப் பார்த்தால் வேலிக்கு அந்தப் பக்கம் கோணக்கொம்பி காலை உதறி உதறி வைத்துக்கொண்டு நின்றது. அதன் முன்னால் ஒரு நீலப் பிளாஸ்டிக் தொட்டி. உள்ளே தவிடும் புண்ணாக்கும் ஒட்டிக்கிடந்தன. அது அண்ணன் வீட்டுத் தொட்டி என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

"இதை இங்க யாருண்ணா வச்சது?"

"நான்தான்" என்றான் அண்ணன். முகத்தில் அப்படி ஒரு பெருமை. "கோடையில பாவம், பச்சையே இல்லாம என் புல்லுத் தோட்டத்துக்குள்ள வந்துச்சுங்க. அடிச்சு விரட்ட மனசு வரல. நம்ம மாடுங்க தின்னு மிச்சம் வைக்கறதக் கொண்டாந்து போடறேன். 'வா, வா'ன்னு ஒரு குரல் குடுத்தா எங்க இருந்தாலும் வந்துடும். உன்னைக் கண்டா ஓடுது, என்னைக் கண்டா வருது. படிச்சு என்னத்தக் கண்ட?"

"நம்ம மாடு வாய் வச்ச மிச்சத்தையா?"

"ஏன், கெட்டாபோச்சு? புதுசா வாங்கின செவலை மாடு சரியாவே தின்னல, அதுதான் நிறைய மிச்சம்."

"அதுக்குத்தான் வாயெல்லாம் புண்ணாயிருந்துச்சே. உப்புத்தண்ணி ஊத்திக் கழுவினோம், சரியாப் போச்சு" என்றாள் அண்ணி. அண்ணன் அவளை முறைத்தான். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அடப்பாவி அண்ணா! கோமாரி வந்த மாட்டோட எச்சிலை எடுத்துட்டுப் போய்க் காட்டுக்கே பந்தி வச்சிருக்கியே! எத்தனை தடவை உன் வாசல்ல வந்து நின்னேன்! உன் காலைப் பிடிக்காத குறையாக் கேட்டேனே!"

அண்ணன் வேலிக்குள் கையை நீட்டி அந்தத் தொட்டியை இந்தப் பக்கம் இழுத்தான்.

பெரிய மாடுகள் நொண்டி, பட்டினி கிடந்து, மெல்லத் தேறிவிடும். கன்றுகளுக்கு அந்த நோய் நேராக இதயத்தில் போய் உட்காரும். பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே சுருண்டு விழும். அப்படித்தான் விழுந்தன. செத்த கன்றை மறைத்தபடி தாய் நின்றுகொண்டு யாரையும் அண்டவிடவில்லை. டாக்டரம்மாவும் காவலரும் மரத்தின் பின்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். மேலதிகாரிக்குப் போன் செய்தால், "எல்லாம் இயற்கைதானே மேடம்" என்றார். போனைத் தூக்கி எறியலாமா என்றிருந்தது அவளுக்கு.

அந்த வாரம் அண்ணன் கொட்டகையில் கடைசியாக ஊசி இறங்கியது. நோய் வந்து போன செவலையைத் தவிர மற்ற மாடுகளின் கயிற்றை ஒவ்வொன்றாக அண்ணனே பிடித்துக்கொண்டான்.

"இதைப் போட்டா காட்டுல இருக்கற அதுங்களுக்கும் சரியாயிடுமா பாப்பா?" என்று கேட்டான்.

"இதுதாண்ணா அதுங்களுக்கும் ஊசி. இத்தனை நாளா இதைத்தான் சொல்லிட்டிருந்தேன்" என்றாள். 

மறுநாள் விடிந்ததும் கோணக்கொம்பி நொண்டிக்கொண்டு வேலியோரம் வந்து நின்றது. தொட்டி இருந்த இடத்தை மோந்து பார்த்தது. பின்னால் கூட்டமும் வந்தது. இங்கே வரும் பழக்கத்தை விட்டால்தான் அவற்றுக்குப் பிழைப்பு. டாக்டரம்மா ஒரு தகர டப்பாவை அண்ணன் கையில் கொடுத்தாள்.

"வரவழைச்சது நீதானே. நீயே விரட்டு."

அவனுக்குத் தட்டக் கை வரவில்லை. "போ... போயிடு... போன்னா போயேன்" என்று கத்தினான். கோணக்கொம்பி காதை நிமிர்த்தியது. அந்தக் குரலைக் கேட்டதும் வேலியை நோக்கி இன்னும் இரண்டடி வந்தது. அவன் மேலும் கத்த, அது மேலும் நெருங்கி வந்து காலித் தரையை நக்கியது.

"பேசாதண்ணா. நீ வாயைத் திறந்தாலே வருது" என்று சொல்லி, டப்பாவைப் பிடுங்கி அவளே அடித்தாள். கை வலிக்க வலிக்க அடித்தாள். கூட்டம் மிரண்டு திரும்பி ஓடியது. அதில் செங்கல் நிறத்தில் ஒன்றுகூட இல்லை. அண்ணன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு வேலியோரம் உட்கார்ந்திருந்தான்.