ஒரே பலகையில் இரண்டு ஹார்டு டிஸ்க்

தில்லை நகரில் நான் நடத்திய வீடியோ ஸ்டுடியோவுக்குள் யாரும் தண்ணீர் பாட்டிலோடு நுழைய முடியாது. தாகமென்றால் வெளியே நின்று குடித்துவிட்டு வரட்டும் என்பேன். மழைத் தண்ணீர் புகுந்தாலும் எட்டாதபடி கம்ப்யூட்டர்களை உயரமான இரும்பு மேஜையில் ஏற்றியிருந்தேன். கரண்ட் ஏறி இறங்கினால் ஸ்டெபிலைசர், போனால் யுபிஎஸ், சுவரில் தீயணைக்கும் சிலிண்டர். எடுத்த கல்யாணங்களை எல்லாம் இரண்டு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி, கம்ப்யூட்டரில் இருப்பதை அழித்துவிட்டு, ஒன்றைக் கடையிலும் இன்னொன்றை ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுப் பீரோவிலும் வைப்பேன். நடுவில் காவிரி ஓடுகிறது, இரண்டு கரையிலும் ஒரே நாளில் ஒன்றும் ஆகிவிடாது என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் முசிறியிலிருந்து ஒருவர் வந்தார். வாழை விவசாயி. அவர் மகள் கல்யாணத்தை முந்தின வருஷம் நான்தான் எடுத்தேன். கல்யாணமாகி ஏழாம் மாதம் அந்தப் பெண் காய்ச்சலில் போய்விட்டாள். நான் கொடுத்த கல்யாண வீடியோவில் முழுக்கப் பாட்டை ஏற்றியிருந்தேன். அதில் அவள் வாய் அசைகிறது, குரல் இல்லை. நான் வெட்டி ஒதுக்கியதில் எங்கேயாவது அவள் பேசியிருந்தால் அது வேண்டும், வீட்டில் அவள் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை என்றார்.

பேசியிருந்தாள். அலங்காரத்தின்போது கேமராவைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டுச் சிரித்தாள். தேடி எடுக்க அரைமணி நேரம் போதும். ஆனால் மெஷின்களைத் துடைத்து முடித்திருந்தேன். பூஜைக்குத் துடைத்து வைத்ததில் செத்த பெண்ணின் முகத்தைத் திறப்பதா என்று மனசு இடறியது. அதை அவரிடம் சொல்லவில்லை. ஒயரை எல்லாம் கழற்றிவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

“விஜயதசமி அன்னிக்குக் காலையில வாங்க, எடுத்து வைக்கிறேன்.”

பூஜையன்று வீட்டு டிஸ்க்கையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். அதுவும் சோறு போடுகிற சாமான்தானே, அதற்கு மட்டும் பொட்டு இல்லாமல் போகலாமா? ஒரு பலகையில் மஞ்சள் துணி விரித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, பொரி கடலை படைத்து, விளக்கேற்றினேன். தீயணைக்கும் சிலிண்டருக்கும் ஒரு பொட்டு வைத்து, ஒரு முழம் பூவும் சுற்றினேன். பூஜை விளக்கை அணைக்கக் கூடாது என்று எரியவிட்டு, ஷட்டரை இழுத்துப் பூட்டி, ஸ்ரீரங்கத்துக்குச் சாப்பிடப் போனேன்.

பாயசம் சாப்பிடும்போது பக்கத்துக் கடைத் தையல்காரர் போன் செய்தார். ஷட்டருக்கு அடியில் புகை வருகிறது என்றார். நான் பாலத்தைத் தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் பூட்டை உடைத்து அணைத்திருந்தார்கள். பொரிக்கு வந்த எலி எண்ணெய்த் திரியை இழுத்திருக்கிறது. பாதி எரிந்த திரி பலகை ஓரத்தில் கிடந்தது. மேஜை மேல் கம்ப்யூட்டர்களில் கரி படிந்ததோடு சரி. பலகையில் இருந்த இரண்டும் உருகி ஒட்டிக்கொண்டிருந்தன. எத்தனையோ பேர் கல்யாணம் அதில் போயிற்று. எனக்கு அந்த ஒரு சிரிப்புதான் கண்ணில் நின்றது.

மறுநாள் காலை அவர் ஒரு சீப்பு பூவன் பழமும், உறை பிரிக்காத பென் டிரைவும் கொண்டு வந்தார். நடந்ததைச் சொன்னேன். ஒயரைக் கழற்றிவிட்டதாகச் சொன்ன பொய்யை அப்போதும் சொல்லவில்லை. அவர் கரி பிடித்த சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால் தேவலை.

“எடுக்கறப்ப நீங்க காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டுக் கேட்டுட்டுத்தானேங்க இருந்தீங்க. என்ன சொன்னா?”

எனக்கு நினைவில்லை. சிரித்தது இருக்கிறது, சொன்னது இல்லை. எத்தனை கல்யாணம், எத்தனை பெண்கள்.

“அப்பா சாப்பிட்டாரான்னு பாருங்கன்னு சொன்னாங்க” என்றேன்.

அவர் தலையாட்டினார். அப்படித்தான் கேட்பாள் என்றார். மறந்துவிடக் கூடாதென்று இரண்டு தரம் மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பழத்தை என் மேஜையில் வைத்துவிட்டு, அவள் அம்மாவிடம் சொல்ல அடுத்த பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.