பௌர்ணமிக்கு மறுநாள்

திருவண்ணாமலையில் பௌர்ணமி வந்தால் ஊருக்கே தூக்கம் கிடையாது. லட்சக்கணக்கில் ஜனம் மலையைச் சுற்றி வரும். அத்தனை பேருக்கும் யாராவது சுக்குக் காபி கொடுக்க வேண்டுமே! கிரிவலப் பாதையில் தள்ளுவண்டி போட்டிருக்கும் கன்னியம்மாளும், பத்தாம் வகுப்புப் படிக்கும் அவள் மகள் கவிநிலாவும் விடிய விடியக் கொடுப்பார்கள். மறுநாள் அந்தப் பெண் வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்கி வழிவாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் இப்படி இன்னும் பல பிள்ளைகள் உண்டு. ஆசிரியர்களே அவர்களுக்குப் 'பௌர்ணமி கேஸ்' என்று பட்டம் வைத்திருந்தார்கள். படித்தவர்கள் வாயில் வருகிற வார்த்தையா இது?

தலைமையாசிரியை ஜெயமதிக்கு அந்தப் பட்டத்தைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். பொறுப்பேற்ற முதல் மாதமே அவர் ஒரு விதி போட்டார். பௌர்ணமிக்கு மறுநாள் எந்த வகுப்புக்கும் தேர்வு கிடையாது. ராத்திரி கடையில் நின்ற பிள்ளைகள் காலையில் நூலக அறையில் பாய் விரித்துத் தூங்கலாம். விட்டுப்போன பாடத்தை மாலையில் அவரே நடத்துவார். ஜெயமதி ஜைனர், பொழுது சாய்ந்தபின் சாப்பிடாதவர். கடைசிப் பிள்ளையை அனுப்பிவிட்டு வீடு போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிடும். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு அவ்வளவுதான். "இது ஸ்கூலா, சத்திரமா?" என்று ஆசிரியர்கள் தங்களுக்குள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

இந்த ஐப்பசியில் அவரைக் கல்வித்துறையின் இரண்டு நாள் கூட்டத்துக்கு வேங்கிக்காலுக்கு அழைத்திருந்தார்கள். அதுதான் சமயமென்று பள்ளியின் தாளாளர் அப்பாதுரை, பௌர்ணமிக்கு மறுநாள் காலையிலேயே பத்தாம் வகுப்புக்குக் கணக்குத் தேர்வு வைத்தார். கவிநிலா விடைத்தாள் மேலேயே தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். கிடைத்தது பூஜ்யம். எல்லாரும் தேர்ச்சி என்று காட்டினால்தான் அடுத்த வருஷம் அட்மிஷன் குவியும் என்பது அப்பாதுரையின் எண்ணம். பொதுத்தேர்வுக்குப் பெயர் அனுப்புவதற்குள் தேறாதவர்களைக் களையெடுத்துவிட வேண்டுமாம். களையாம், களை! பெற்ற பிள்ளையை யாராவது அப்படிச் சொன்னால் சும்மா விடுவாரா அவர்?

கூட்டம் முடிந்து திரும்பிய ஜெயமதியின் அறை வாசலில் கன்னியம்மாள் நின்றிருந்தாள்.

"டீச்சரம்மா, பொண்ணுக்கு டி.சி. குடுத்துடுங்க. வேற ஸ்கூல்ல சேத்துக்கறோம்."

"எதுக்கும்மா?"

"எங்க சொந்த விருப்பம்ங்க." மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பதுபோல் சொன்னாள்.

"இப்படிச் சொல்லச் சொன்னது யாரு?"

கன்னியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். "தாளாளர் பெரியவர்தாங்க. நாங்களா கேட்டா நல்லபடியா எழுதிக் குடுப்பாங்களாம். இல்லாட்டி பொண்ணு பேரு கெட்டுடும்னு சொன்னாரு. எங்களுக்கு ஏதுங்க விருப்பம்?"

ஜெயமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன அக்கிரமம் இது! கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதும் இவர்கள், தானாகத்தான் போகிறேன் என்று அவளையே சொல்லவைப்பதும் இவர்கள். அதே பௌர்ணமி ராத்திரியில் தன் படம் போட்ட பேனருக்குக் கீழே நின்று வருவோர் போவோருக்கெல்லாம் அன்னதானம் செய்த மனிதர்தான் இந்த அப்பாதுரை. ஊர் பேர் தெரியாதவர்களின் பசி அவருக்குத் தெரிகிறது. சொந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் களைப்பு மட்டும் தெரியவில்லை. இதற்குப் பெயர் புண்ணியமாம்!

கன்னியம்மாளைக் கையோடு அழைத்துக்கொண்டு நேரே தாளாளர் அறைக்குப் போனார். வகுப்பிலிருந்த கவிநிலாவையும் வரவழைத்தார்.

"இந்த டி.சி.யில நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

அப்பாதுரை சிரித்தார். "ஒரு பொண்ணுக்காக ஸ்கூல் பேரு கெடணுமா மேடம்? அவங்களே இஷ்டப்பட்டுத்தான கேக்கறாங்க?"

"படிக்கிறவளை யாராச்சும் கேட்டீங்களா?" ஜெயமதி திரும்பினார். "கவிநிலா, நீ சொல்லும்மா. உனக்கு என்ன விருப்பம்?"

அந்தப் பெண் அம்மாவைப் பார்த்தாள், தாளாளரைப் பார்த்தாள். அவளிடம் இப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. தன்னைத் திட்டத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். கையைக் கட்டிக்கொண்டு, கண் கலங்கச் சொன்னாள்:

"இனிமே தூங்க மாட்டேன் மிஸ்."

கன்னியம்மாளுக்குத் தாங்கவில்லை. மகளின் கட்டிய கையைப் பிடித்துப் பிரித்துவிட்டாள். "டி.சி. வேணாங்க. எனக்கு ஒத்தாசையா நின்ன புள்ள அது. தூங்குனதுக்குக் கைகட்டி நிக்கணுமா? இங்கதாங்க படிப்பா."

அப்பாதுரை முகத்தைச் சுளித்தார். "சரி சரி, பேரை அனுப்பித் தொலைங்க. எல்லாரும் போங்க."

ஜெயமதி நகரவில்லை.

"மொதல்ல அவகிட்ட மன்னிப்புக் கேளுங்க சார்."

"நானா? இந்தப் பொண்ணுகிட்டயா?"

"நீங்கதான் சார். இவகிட்டதான். அவசரமில்ல, இருக்கோம்."

சொல்லிவிட்டு ஜெயமதி ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கன்னியம்மாளுக்கும் ஒன்றை இழுத்துப்போட்டார்.